ஆறாங்கட்டையின் ஒரே சேலை

பேச்சியம்மாளைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டுமாம். கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, "அவங்களோட பழகின ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தாம்மா மிச்சம்" என்கிறார்கள். கும்பாபிஷேக மலரில் ஊர்ப் பெரியவர்கள் வரிசையில் அவளைப் போடப் போகிறார்களாம். பேச்சி ஊர்ப் பெரியவளாம்! என் வீட்டுக்காரர் அந்தக் கோயிலுக்கு எத்தனை வருஷம் தலைவராக இருந்தார்! அவரைப் போட வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. சரி, சொல்கிறேன். ஆனால் எனக்கு அவளைப் பிடிக்காது. இருந்தபோதும் பிடிக்கவில்லை, செத்து இத்தனை காலம் ஆகியும் பிடிக்கவில்லை. அதையும் சேர்த்து எழுதுவதென்றால் எழுதுங்கள். இல்லையென்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறாங்கட்டை அப்போது பெரிய ஊரெல்லாம் இல்லை. சாஆ டவுனிலிருந்து போகிற சாலையில் ஆறாவது மைல்கல்லை ஒட்டிய கம்பம், கிராமம் மாதிரி ஒரு சின்ன ஊர். ஒரு பக்கம் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் தோட்டம், மறுபக்கம் சதுப்புக் காடு. நடுவில் இருபது இருபத்தைந்து வீடுகள், தகரக் கொட்டகைக்குள் ஒரு மாரியம்மன், மெய்யப்பன் உட்கார்ந்திருந்த செட்டியார் கடை ஒன்று. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கங்காணி. கோயில் தலைவரும் அவர்தான். வேலித் தகராறு, கள்ளுக்கடைச் சண்டை, ஓடிப்போன மருமகள் என்று எது நடந்தாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அவர் நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டு உட்கார்ந்தால் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திருவிழாவில் அம்மன் தட்டு அவருக்கு அடுத்து என் கைக்கு வரும். பேச்சியின் கைக்குப் போகும்போது அதில் கொஞ்சம் விபூதியும் நசுங்கின வாழைப்பழமும் மிச்சமிருக்கும். அதுதான் முறை. அந்த முறையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பேச்சி தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. கட்டையான உருவம், கறுப்பு நிறம், வாயைத் திறந்தால் மறுகோடி வரைக்கும் கேட்கும் சிரிப்பு. பிள்ளை இல்லை. இந்தப் பக்கத்தில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அவள் புருஷன் மூர்த்தி மாட்டு வண்டி ஓட்டினான். அவன் இருக்கிறானே, அவனைப் போல ஒரு பைத்தியத்தை நான் பார்த்ததில்லை. வண்டியை விட்டு இறங்கும்போதே "பேச்சி!" என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்குவான். எங்கேயாவது செம்பருத்தி பூத்திருந்தால் பறித்து வந்து மாட்டுக்கொம்பில் செருகி வைத்திருப்பான். அவள் அதை எடுத்துக் கொண்டையில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு வருவாள். தண்ணீர் எடுக்க வருகிறாளா, எங்களுக்குக் காட்ட வருகிறாளா என்று நான் கேட்டே இருக்கிறேன். "ரெண்டுக்கும்தாங்க்கா" என்பாள்.

கல்யாணத்துக்கு மூர்த்தி அவளுக்கு ஒரு சேலை எடுத்திருந்தான். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. அதற்காகக் குளுவாங் வரைக்கும் நடந்தே போய்விட்டு வந்தான் என்பார்கள். என்னிடம் அப்போது ஒரு பெட்டி நிறையச் சேலைகள் இருந்தன, பட்டு உட்பட. ஆனால் எதைக் கட்டினேன் என்று என் வீட்டுக்காரர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. நல்ல மனுஷர், கண்ணியமான மனுஷர், ஊருக்கெல்லாம் நியாயம் சொன்ன மனுஷர். என்னைப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் இருக்கவில்லை. பேச்சியை அவள் புருஷன் பார்க்கிற பார்வையைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன? அதற்கு நான் வேறு பெயர் வைக்கப் போவதில்லை.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போட்டது போட்டபடி ஓடினார். பால் எடுப்பது நின்றது, அரிசி நின்றது. ஒரு நாள் ஜப்பான்கார அதிகாரி ஒருத்தன் மலாய்க்காரத் துபாஷியோடு வந்து எங்கள் எல்லோரையும் கோயில் முன்னால் வெயிலில் நிறுத்தினான். பத்து வீட்டுக்கு ஒரு கூட்டம், எல்லாக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரு கெத்துவா, அவன் சொல்வதுதான் சட்டம் என்றான். என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார். அதிகாரி அவரைத் தாண்டிப் பார்த்து, எழுதப் படிக்க, மலாய் பேசத் தெரிந்தவன் யார் என்று கேட்டான். கடைசியில் மெய்யப்பன் கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிவிட்டுப் போனான். கடையில் விற்க ஒரு சாமானும் இல்லாத மனுஷர், ஒரே நாளில் எங்களுக்கெல்லாம் தலைவர்! என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியை உள்ளே போட்டார். மறுபடி வெளியே எடுக்கவே இல்லை.

அப்புறம் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பி விடலாம் என்றார்கள். மெய்யப்பன் கையைப் பிசைந்துகொண்டு வீடு வீடாக வந்தார். கங்காணி கட்டாயம் போக வேண்டும், ஆட்களை மேய்க்கத் தெரிந்தவராம். மூர்த்தியையும் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே லாரியில் ஏறினார்கள்.

லாரி புறப்படும்போது மூர்த்தி பின்பக்கம் தொங்கிக்கொண்டு கத்தினான். "பேச்சி, அந்தச் சேலையப் பத்திரமா வை! நான் வர்ற அன்னிக்கு அதைக் கட்டிக்கிட்டுத்தான் நீ ரோட்டுக்கு வரணும்!" ஊரே சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்து ஏதோ சொல்லக் குனிந்தார். நான் கிட்டே ஓடினேன். "கோயில் சாவி மாடத்துல இருக்கு. மறந்துடாம செட்டியார்கிட்ட குடுத்துடு" என்றார். அவ்வளவுதான். லாரி போய்விட்டது.

துணிப் பஞ்சத்தைப் பற்றி இன்றைக்குச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. பசியைச் சொன்னால் நம்புகிறார்கள். நான் என் பெட்டிச் சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒன்று உப்புக்கு, ஒன்று மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைக்கு, பட்டு இரண்டும் அரிசிக்கு. கடைசியில் நானும் என் மகள் ராமலட்சுமியும் அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டினோம். உடம்பெல்லாம் அரிக்கும். அதற்குள் மூட்டைப்பூச்சி வேறு. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அதே கதி. பேச்சியும் சாக்குத்தான் கட்டினாள். ஆனால் அவள் வீட்டில் மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள், வேப்பிலைக்கு நடுவில், அந்தச் சிவப்புச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. பட்டினி கிடந்தாள், அதை மட்டும் விற்கவில்லை.

வந்தது வினை. பங்கீட்டு அரிசியைச் சாஆவுக்குப் போய் வாங்கி வர வேண்டும். ஆண்கள் சாலையில் தலை காட்டினால் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பெண்கள்தான் போக வேண்டும். அரையும் குறையுமாகச் சாக்கைச் சுற்றிக்கொண்டு சிப்பாய்கள் நிற்கிற பாலத்தை எப்படித் தாண்டுவது? ஒருத்தியும் போக மாட்டேன் என்றாள். மெய்யப்பன் ஊரைக் கூட்டினார். யார் வீட்டில் நல்ல துணி இருந்தாலும் இனி அது ஊருக்குப் பொது, ஒளித்து வைக்கக் கூடாது, இது கெத்துவா உத்தரவு என்றார். யார் வீட்டிலும் இல்லை. எல்லோரும் பேச்சியைப் பார்த்தார்கள்.

அவள் முன்னால் வந்து நின்றாள். பிறகு, "தர்றேன் செட்டியாரே. ஆனா நானேதான் கட்டி விடுவேன், நானேதான் அவுப்பேன், நானேதான் அலசுவேன். யாருக்கு முறைன்னும் நானேதான் சொல்லுவேன்" என்றாள். மெய்யப்பன் சம்மதித்தார்.

அலமாக்! அன்றிலிருந்து ஆறாங்கட்டையை ஆண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜப்பான்காரனா? மெய்யப்பனா? பேச்சிதான்! காலையில் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். "இன்னிக்கு உனக்கு இல்ல, அவ புள்ளைக்குக் காய்ச்சல், அவ போவட்டும்" என்பாள். அப்பீல் கிடையாது. கட்டியபடி குந்தக் கூடாது, அடுப்புக் கிட்டே போகக் கூடாது, மழை வந்தால் ஓடக் கூடாது, நின்றுவிட வேண்டும். திரும்பி வந்ததும் முந்தானையிலிருந்து ஆரம்பித்து விரல் விரலாகத் தடவிப் பார்ப்பாள். எங்கேயாவது நூல் பிசிறி இருந்தால் தொலைந்தோம். என் வாசலில் நாற்காலிக்கு முன்னால் கைகட்டி நின்ற கூட்டம், இப்போது அவள் வாசலில் நின்றது. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன், தலைவர் பெண்டாட்டி!

என் முறை வந்தபோது அவளே என் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். "வயித்த உள்ள இழுக்கா, கொசுவம் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தாள். சாப்பாடே இல்லாத காலத்தில் எனக்கு ஏது வயிறு? சும்மா வாய்க்கொழுப்பு. சாலையில் நடந்தேன். கித்தா மரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவன் ஒருவன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பேச்சி சேலை வருதுடா" என்றான். யார் கட்டிக்கொண்டு போனாலும் அதே பேச்சுத்தான். உள்ளே இருப்பது நானா, வேறொருத்தியா, மூங்கில் குச்சியா என்று யாருக்கும் அக்கறை இல்லை.

இத்தனை பேருக்குக் கட்டிவிட்டவள் தான் மட்டும் ஒரு தடவையும் கட்டவில்லை. அவளுடைய முறை வந்தால் வேறு யாரையாவது அனுப்புவாள். "எங்காளு வர்ற அன்னிக்குத்தான் எனக்கு முறை" என்பாள். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருத்தன் பக்கத்து ஊரான லாபிசுக்கு வந்து, அங்கே காலராவில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. அவள் காதில் வாங்கவே இல்லை. எனக்கும் ஒரு புருஷன் அங்கே இருந்தார். 'நான் வர்ற அன்னிக்கு ரோட்டுக்கு வா' என்று என்னிடம் யார் சொன்னார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ராமலட்சுமிக்குக் காஹாங்கிலிருந்து ஒரு இடம் வந்தது. அவளுக்கு அப்போது வயது பதினெட்டு. பக்கத்துத் தோட்டத்தில் சிப்பாய்கள் முகாம் போடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கல்யாணம் ஆகாத பெண்களை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் மரவள்ளித் தோட்டம் இருந்தது, நல்ல பிள்ளை. அவன் தாயார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நகை வேணாம், ஒண்ணும் வேணாம். பொண்ணு சாக்கக் கட்டிக்கிட்டு மணவறையில உட்காரக் கூடாது. எங்க சனம் சிரிக்கும்." நான் தலையாட்டிவிட்டேன். வேறு வழி இல்லை, பேச்சியிடம் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் ஒரு வார்த்தை கேலி பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ராமலட்சுமிக்குக் கட்டாம நான் யாருக்குக்கா கட்டப் போறேன்?" என்றாள். "பூவும் நானே தேடிக்கிட்டு வர்றேன்."

பாருங்கள், என்ன தாராளம்! வீட்டுக்கு வந்து நான் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, எரிச்சலில்.

கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பேச்சிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கதிரேசு வந்து பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவர். கொய்னா இல்லாமல் அவரால் என்ன செய்ய முடியும்? நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஒரு காலையில் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. சேலைக்காக என்று நினைத்துக்கொண்டு போனேன். பேச்சி செத்துப்போயிருந்தாள்.

உடம்பைக் கதவுப் பலகையில் கிடத்தியிருந்தார்கள், கட்டியிருந்த சாக்கோடு. பக்கத்தில் அந்தத் தகரம். யாரும் அதைத் தொடவில்லை, ஆனால் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் இருந்தது. எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் இருக்கும்போது போகிறவளைக் கல்யாணச் சேலை கட்டி, பூவும் பொட்டுமாகப் புதைக்க வேண்டும். புருஷனை இழந்தவள் என்றால் வெள்ளை போதும். அவளுக்கோ சொந்தபந்தம் இல்லை, அதனால் ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். மெய்யப்பன் கோயில் முன்னால் எல்லோரையும் கூப்பிட்டார். ஆண்கள் பாதிப்பேர் இல்லாததால் பெண்களும் முன்னால் வந்து நின்றோம்.

கதிரேசுதான் தொடங்கினார். "செத்த உடம்புக்குச் சீலை என்னத்துக்கு? மண்ணுக்குள்ள போட்டா ரெண்டு மாசத்தில உக்கிப் போகும். உயிரோட இருக்கிற பெண்டுகள் நாளைக்கு என்னத்தைக் கட்டிக்கொண்டு அரிசிக்குப் போறது?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கே, ஐயா" என்றாள் ஒருத்தி.

"வழக்கம் சரி. மூர்த்தி உயிரோட இருக்கிறான் எண்டு ஆருக்குத் தெரியும்? அந்த லொறியில போன ஒருத்தரும் திரும்பேல்ல, ஒரு சேதியும் இல்ல. அவன் செத்துப்போனான் எண்டு நாங்க முடிவெடுத்தா, இவ விதவை. மாவுச் சாக்கு வெள்ளைதானே? அதுவே வழக்கத்துக்குக் காணும்."

கூட்டம் மூச்சு விட்டது. எனக்கும் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. சேலை தப்பியது, என் மகள் கல்யாணம் தப்பியது. உண்மையைச் சொன்னால், அதற்கும் மேல் ஒரு குளிர்ச்சி. பேச்சியின் பூவையும் பொட்டையும் ஊரே கூடி அழிக்கப் போகிறது. மாட்டுக்கொம்பில் செம்பருத்தி வந்ததே, அதெல்லாம் இன்றோடு சரி என்று நினைத்தேன்.

மெய்யப்பன் மட்டும் கையில் இருந்த பட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒரு மனுசன் செத்தானா இல்லையான்னு நாம கூடி முடிவு பண்றதா?" என்றார். "கப்பல் நின்னதுலேருந்து எங்க வீட்டு ஆச்சிக்கு என்கிட்டேருந்து ஒரு கடுதாசி போகல. அங்க ஊர்ல என்னையும் இப்படிக் கூடி உட்கார்ந்து செத்தவன்னு சொல்லிருப்பாகளோ என்னமோ." பெண்டாட்டியைத்தான் அவர் ஆச்சி என்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ராசம்மா, உங்க வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் சேலை வேணும். நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் உத்தரவாப் போட்டுடுறேன்."

எனக்கா தயக்கம்? முன்னால் வந்தேன். 'மூர்த்தி செத்துட்டான், சேலையை எடுத்து வையுங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது என் பின்னால் நின்ற ராமலட்சுமி என் சாக்கைப் பிடித்து இழுத்தாள்.

"அப்போ அப்பா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் கூட்டத்தில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள். எல்லோரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். அவர் ஏறியதும் அதே லாரிதானே? மூர்த்தி செத்தவன் என்றால் அவர் மட்டும் எப்படி இருப்பார்? பேச்சிக்கு வெள்ளை என்று நான் சொன்னால் எனக்கும் வெள்ளைதான். மகள் கல்யாணத்தில் தாலித் தட்டைத் தொட முடியாது, கொல்லைப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைக்கூட விடுங்கள். சாவியைக் கொடு என்று சொல்லிவிட்டுப் போன அந்த மனுஷரை, ஒரு சேலைக்காக, என் வாயாலேயே கொல்ல வேண்டும்.

என் கை தாலியை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"எந்த எடுபட்ட பய மூர்த்தி செத்தான்னு சொன்னது?" என்று கத்தினேன். "உயிரோடதான் இருக்கான்! குத்துக்கல்லாட்டம் இருக்கான்! அவ சேலைய அவளுக்குக் கட்டுங்க. கட்டறதுக்கு யாருக்கும் கை வரலன்னா நானே கட்டறேன்!"

கதிரேசு ஏதோ சொல்ல வந்தார். "டிரெஸ்ஸரய்யா, நீங்க வாய மூடுங்க" என்றேன். மூடிக்கொண்டார். அவரை அப்படி நான் பேசியது அதுவே முதல் தடவை.

நானேதான் கட்டினேன். மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, அந்தத் தகரத்தைத் திறந்தேன். வேப்பிலை வாடையோடு சேலை வந்தது. உடம்பு காய்ச்சலில் வற்றிக் குச்சியாகிப் போயிருந்தது. ஆனாலும் பாருங்கள், கொசுவம் வைத்து முந்தானையை இழுத்து விட்டதும் அவளுக்கு அது எப்படிப் பொருந்தியது! நாங்கள் இத்தனை பேர் கட்டினோமே, ஒருத்திக்கும் அப்படி நிற்கவில்லை. குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் பெரிதாக வைத்தேன். அந்த விரலில் ஒட்டியிருந்ததையே என் நெற்றியிலும் அழுத்தி வைத்துக்கொண்டேன். செம்பருத்தி யாரோ கொண்டு வந்தார்கள். அவள் சிவப்பும் பச்சையுமாகப் போனபோது சாக்குக் கட்டிய நாங்கள் வரிசையாக நின்று பார்த்தோம். "மகராசி, என்ன அழகாப் போறா பாரு" என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். அவளைக் கிள்ளிவிடலாம் போல இருந்தது எனக்கு.

மறுநாள் மெய்யப்பன் ஒரு பொட்டலத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். பிரித்தால் எட்டு முழ வேட்டி, புத்தம் புதுசு! கப்பல் விட்டால் சொந்த ஊர்த் துறையில் இறங்கும்போது கட்ட என்று வைத்திருந்தாராம். ஒளித்து வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்ட கெத்துவா! "செட்டியாரே, நீங்க நல்லா இருப்பீங்க லா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் கூச்சத்தோடு சிரித்துவிட்டு, "எங்க ஆச்சி கேட்டா என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்" என்று சொல்லிப் போனார். மஞ்சளில் நனைத்து உலர்த்தி ராமலட்சுமிக்கு அதைத்தான் கட்டினேன். மாப்பிள்ளையின் தாயார் முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் தாலி ஏறியது. நான்தான் தட்டைப் பிடித்தேன். பந்தியில் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டே எல்லோரும் என்ன பேசினார்கள் தெரியுமா? என் மகளைப் பற்றியா? பேச்சி போன அழகைப் பற்றி! செத்தும் என் மகள் கல்யாணத்தில் அவள்தான் மணப்பெண்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாம் போனவர்கள் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். சாலை தெரிகிற இடத்தில் நான் தினமும் போய் நின்றேன். ஒரு நாள் உச்சி வெயிலில் சாஆ பக்கமிருந்து ஒரு ஆள் நடந்து வந்தான். எலும்பும் தோலுமாக, கோல் ஊன்றிக்கொண்டு. உயரம் அவருடைய உயரம் போலவே தெரிந்தது. நான் சாலைக்கு ஓடினேன்.

மூர்த்தி.

என்னைக் கடந்து அவன் கண் போயிற்று. சாலையில் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினான். தெரியவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வீட்டு ஆளு?" என்று கேட்டேன்.

"நாங்க அங்க போய்ச் சேர்ந்த முதல் மழையிலேயே அண்ணன் போயிட்டாருக்கா. காலரா. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

முதல் மழை! என் மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே. கோயில் முன்னால் நான் கத்தினேனே, அப்போது அவர் மண்ணோடு மண்ணாகிப் போயிருந்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

மூர்த்தி பொய் சொல்லத் தெரியாதவன். "கோயில் சாவிய செட்டியார்கிட்ட குடுத்தாளான்னு கேட்டாரு" என்றான்.

கொடுத்துவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? பிறகு அவன் பேச்சியைப் பற்றிக் கேட்டான். காய்ச்சலைச் சொன்னேன், சேலையைச் சொன்னேன். "சுமங்கலியாப் போனா. நான்தான் கட்டி விட்டேன்" என்றேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். என் கையை அப்படிப் பிடித்து அழுத ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். அதுவும் எனக்காக இல்லை.

அந்த மாதமே கடைகளில் துணி வந்துவிட்டது. சாஆவில் சிவப்பு, நீலம், பூப்போட்டது என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். இத்தனை காலம் சாக்கில் கிடந்த பெண்கள் போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நானும் போனேன். நான் வாங்கியது வெள்ளை.

எழுதிக்கொண்டீர்களா? இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரே விரலால் இரண்டு நெற்றியில் குங்குமம் வைத்தேன். உயிரோடு இருந்த என் நெற்றியில் வைத்தது பொய், செத்துக் கிடந்த அவள் நெற்றியில் வைத்ததுதான் நிஜம். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.